கடைசிப் பாய்க்கும் கேட்ட குரல்

உப்புக்காற்று அடிக்கிற நாளில் தூத்துக்குடி மில்லர்புரத்தில் துணி காயாது. பிசுபிசுவென்று கொடியிலேயே கிடக்கும். அந்தக் காற்றோடுதான் அம்மன் கொடை ரேடியோ செட்டுச் சத்தமும் வரும். உனக்கு ஞாபகம் இருக்கும், செட்டுக்காரர் வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிட்டு, ப்ளேட்டை வேட்டி நுனியால் துடைப்பார், ஊசியை மாற்றுவார். கொஞ்சம் கரகரப்பு. அப்புறம் கே.பி. சுந்தராம்பாள். அரிசி புடைத்துக்கொண்டிருக்கிற ஆச்சி சுளகைக் கீழே வைத்துவிடுவாள்.

ஆச்சி அந்த அம்மாளை மேடையிலேயே பார்த்தவள். கல்யாணமான புதுசில் வண்டி கட்டிப் போய், விடிய விடிய ‘வள்ளி திருமணம்’. அந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் நம்ம தூத்துக்குடிக்காரர் என்பதில் அவளுக்குத் தனிக் கர்வம். வேலனாக வந்த எஸ்.ஜி. கிட்டப்பாவோ செங்கோட்டைக்காரர். கொடுமுடிப் பெண்ணான சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது கொழும்பில், 1926-ல். “நம்ம துறைமுகத்துல கப்பல் ஏறித்தாம்ல போயிருப்பாவ” என்று ஆச்சி சாதிப்பாள். ராத்திரி ஏறினால் காலையில் கொழும்பு; அப்படிக் கப்பல் ஓடிய ஊர்தானே இது. நான் மறுத்துப் பேசியதில்லை.

“மைக்கு ஏதுல அப்ப? கடைசிப் பாயில கெடக்கவனுக்கும் கேக்கணும்லா” என்பாள். சுந்தராம்பாள் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி என்று சொல்வார்கள். ஓடுகிற வண்டிச் சத்தத்துக்கு மேலே பாடிப் பழகிய தொண்டை!

மேடையில் சேர்ந்தவர்கள் வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். 1933-ல் கிட்டப்பா போய்விட்டார். வயது 27. இந்த அம்மாளுக்கு 25. அன்றைக்கு உடுத்திய வெள்ளைச் சேலைதான் கடைசிவரை. ஆண் வேடக்காரரோடு ஜோடியாக இனி நடிப்பதில்லை என்றும் முடிவு. 1935-ல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். தொகையைச் சொல்லும்போது ஆச்சி கண்ணை விரிப்பாள், ஏதோ அவள் முந்தானையில் முடிந்த பணம் மாதிரி. சட்ட மேலவை, பத்மஸ்ரீ எல்லாம் பின்னால் வந்தன. ஆச்சிக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ‘ஔவையார்’ வந்த 1953-க்குப் பிறகு அவளுக்கு ஔவை என்றால் அந்த முகம்தான்.

போன மாசம் என் பேத்தி போனில் ஆபரா போட்டுக் காட்டுகிறாள். சோப்ரானோ ஒருத்தி, மைக் இல்லாமல், முழு வாத்தியக் கூட்டத்தையும் தாண்டி உச்சத்தில் நிற்கிறாள். பேத்திக்கு ஆச்சரியம். எனக்கு மூக்கில் திடீரென்று கொடைச் சாம்பிராணி வாசம்.

கொடை இப்போதும் நடக்கிறது. குழாயும் ப்ளேட்டும் போய், ஆள் உயரத்துக்குப் பெட்டிகள் அடுக்குகிறார்கள். ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. யார் பாடுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. ஆச்சி இருந்திருந்தால் சுளகோடு செட்டுக்காரனிடம் சண்டைக்கே போயிருப்பாள்.