டிராக்ஷன் வேற, ஸ்டெபிலிட்டி வேற

போன மழைக்காலத்துல ஒரு நைட் டூட்டி. தொப்பூர் கணவாய்ல இருந்து ஒரு அம்மாவையும் மகனையும் 108ல கொண்டு வந்தாங்க. மகனுக்குச் சிராய்ப்பு மட்டும். அம்மாவுக்கு இடது விலா எலும்பு மூணு முறிஞ்சு, மண்ணீரல் கிழிஞ்சு வயித்துக்குள்ள ரத்தக்கசிவு. தியேட்டர் வாசல்ல நின்ன அந்தத் தம்பி திரும்பத் திரும்பக் கேட்டது ஒண்ணுதான்: "கார்ல டிராக்ஷன் கன்ட்ரோல் இருக்கு சார், அப்புறம் எப்படி வழுக்குச்சு?"

இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு. அதான் இந்த த்ரெட்.

டிராக்ஷன் கன்ட்ரோல், நீங்க ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது வேலை செய்யறது. சேத்துல வண்டி நகராம சக்கரம் மட்டும் சும்மா சுத்தும்ல? அப்போ இன்ஜின் வேகத்தைக் குறைக்கும், இல்லன்னா சுத்தற சக்கரத்துக்கு பிரேக் பிடிக்கும். அவ்வளவுதான்.

தொப்பூர்ல சேலம் பக்கம் இறங்கும்போது இறக்கமே வண்டியைத் தள்ளுது. அங்க ஆபத்து வேற. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பறீங்க, வண்டி வேற பக்கம் போகுது. அதுக்குத்தான் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், அதாவது ஈ.எஸ்.சி. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கு, வண்டி நிஜமா எவ்வளவு திரும்புதுன்னு சென்சார் வச்சு ஒப்பிட்டுக்கிட்டே இருக்கும். பின்பக்கம் விலகினா வளைவோட வெளிப்பக்க முன்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். முன்பக்கம் திரும்பாம நேரா ஓடினா உள்பக்கப் பின்சக்கரத்துக்கு. இதை நம்ம காலால செய்யவே முடியாது, நமக்கு இருக்கறது ஒரே பெடல்.

டாக்டரா எனக்கு இது ஏன் முக்கியம்னா, நேரா மோதினா பானெட் நசுங்கி பாதி அடியை வாங்கிக்கும். பக்கவாட்டுல வழுக்கிப் போய் மோதினா நடுவுல இருக்கறது ஒரு கதவுதான். அந்தம்மா சீட் பெல்ட் போட்டுத்தான் இருந்தாங்க.

டயர் மொட்டையா இருந்தாலோ, வேகம் மீறினாலோ ஈ.எஸ்.சி.யும் கைவிட்டுடும். இருக்கற பிடிப்பைத்தான் அது பயன்படுத்தும், புதுசா உருவாக்காது. (டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல இறக்கற லாரிகளுக்குத் தனி த்ரெட் போடணும்.)

மண்ணீரலை எடுக்க வேண்டியதாச்சு. ரெண்டு வாரம் கழிச்சு தடுப்பூசி போட வந்தப்ப தம்பி போன்ல ரெண்டு வேரியன்ட் காட்டினார். விலை கூடினதுல மட்டும் ஈ.எஸ்.சி. இருந்துச்சு. "இதையே எடுங்க"ன்னேன்.

அம்மா குறுக்க விழுந்தாங்க: "இப்ப வீட்டுக்கு பஸ்ல போலாம், வாடா."