ஆபரேஷன் என்றால் அவளுக்குத்தானா?

‘இனிப் பிள்ளை போதும்’ என்று கணவனும் மனைவியும் சேர்ந்துதான் முடிவெடுக்கிறார்கள். ஆபரேஷன் மேஜையில் படுப்பது மட்டும் எப்போதும் அவள்தான். கிராம சுகாதாரச் செவிலியராக வீடு வீடாக நடந்த காலமெல்லாம் இதைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற பிறகும் மாறிய பாடில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர்.

இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வதுதான் எளிது. மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பையின் தோலில் சிறு துளையிட்டு, விந்துக்குழாயைக் கட்டிவிடுகிறார்கள். தையல் கிடையாது. அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். பெண்ணுக்கோ வயிற்றைத் திறந்தாக வேண்டும், மயக்க மருந்து வேண்டும். பலருக்கு அது பிரசவமான சில நாளிலேயே, சிசேரியன் என்றால் அதே மேஜையிலேயே நடந்துவிடுகிறது. நம் நாட்டுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று சொல்வதும் அதே ஆய்வுதான். வெளிறிப்போன அந்த உடம்பில்தான் கத்தி வைக்கிறோம்.

“எங்க வீட்டுக்காரர் மூட்டை தூக்குறவரு நர்ஸம்மா. அவரு பலம் போயிட்டா வீடு என்ன ஆவும்?” இதைச் சொல்லாத தெரு இல்லை. சொல்பவள் நாற்று நடுகிறவள், தண்ணீர்க் குடம் சுமக்கிறவள், அன்றாடம் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுப்படியில் நிற்பவள். அவள் தூக்குவதெல்லாம் பாரமாக யார் கணக்கிலும் வராது. பலம் போய்விடும் என்பதும் பொய். ஆண்மைக்கான சுரப்பு நேராக ரத்தத்தில் கலக்கிறது, கட்டிவிடும் குழாய் வழியாக அது போவதே இல்லை. தாம்பத்தியத்துக்கும் குறைவு வராது. இதை எத்தனை திண்ணையில் சொல்லியிருப்பேன்! ஆண்கள் எழுந்து போய்விடுவார்கள். மாமியார் மட்டும் உட்கார்ந்திருந்து, “எம் புள்ள மேல கத்தி வைக்கவா பெத்தேன்?” என்பார். மருமகளைப் பெற்றவளும் அதற்காகப் பெறவில்லையே.

ஆண்கள் எப்போதும் இப்படியே இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1952-ல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது. தொடக்க காலத்தில் ஆண்களுக்கான அறுவையான வாசக்டமிதான் முன்னால் நின்றது, சென்னை மாகாணம் அதில் முனைப்பாக இருந்தது. பிறகு நெருக்கடிநிலை வந்தது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன, பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் வலுக்கட்டாயமாக. அந்தக் கோபம் தேர்தலில் வெடித்தது. அதற்குப் பிறகு எந்த அரசும் ஆணைத் தொடத் துணியவில்லை. திட்டம் நிற்கவில்லை, பெண் பக்கம் திரும்பிவிட்டது. எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தன் உடம்பைக் காத்துக்கொள்ள ஆணால் முடிந்தது. அவள் உடம்புக்காக ஆட்சி கவிழ்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எல்லோரும் ஏழைகள், பலர் கைக்குழந்தைக்காரிகள். அதற்குப் பிறகு, 2016-ல்தான் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் கைவிடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆண்கள் தயங்குவதற்குக் காரணம் பயமும் அறியாமையும். பெண்களே வேண்டாம் என்று தடுப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. அதைக் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள். கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: “அவரு பண்ணிக்கிட்ட பிறகு எனக்கு நாள் தள்ளிப்போனா, ஊரு என்ன பேசும்?” குழாயைக் கட்டிய பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் விந்தணு மிச்சமிருக்கும். அதுவரை வேறு தடுப்பு வேண்டும், பிறகு பரிசோதித்து உறுதிப்படுத்த வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுக் கருத்தரித்தால், தப்பு அவருடைய அவசரத்தில் இருக்கும், பழி அவள் நடத்தை மேல் விழும். அடி விழும். அந்த அடிக்குப் பயந்துதான் கத்தியைத் தன் வயிற்றில் வாங்கிக்கொள்கிறாள். பெண்ணின் பாதுகாப்பு என்றால் இரவு பஸ்ஸும் தெருவிளக்கும் என்று மட்டும் நினைக்கிறோம். வீட்டுக்குள் இருக்கும் இந்தப் பயத்தை எந்தக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பாள்?

சட்டமும் அவளுக்குப் பாதித் துணைதான். கருத்தடை அறுவைக்குக் கணவன் கையெழுத்து தேவையில்லை என்று அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஆனாலும் “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா” என்று திருப்பி அனுப்பும் ஆஸ்பத்திரிகளைக் கண்டிருக்கிறேன். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலும், 18 வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் பலவந்தமாக உறவு கொண்டால் அது வன்புணர்வாகக் கருதப்படுவதில்லை. படுக்கையில் வேண்டாம் என்று சொல்ல உரிமையில்லாதவள், பிள்ளைப்பேற்றை மட்டும் எப்படித் தீர்மானிப்பாள்? கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்காகத்தான், நாட்டின் வறுமையைக் குறைக்க மட்டும் இல்லை என்று 1930களிலேயே எழுதியவர் பெரியார். நாம் கர்ப்பத்தடையை எடுத்துக்கொண்டோம், விடுதலையை விட்டுவிட்டோம்.

ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆண்களுக்கான கருத்தடை இருவார விழா நடத்துகிறார்கள். சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கும், வருகிறவர்கள் குறைவு. பிள்ளை பெற்ற வீட்டுப் பெரியவர்களே, மருமகளிடம் கையெழுத்து வாங்கும் முன் மகனை உட்காரவைத்துப் பேசுங்கள். தம்பிமார்களே, அவள் பத்து மாதம் சுமந்து, பெற்று, பாலும் கொடுத்துவிட்டாள். இந்த ஒன்றையாவது நீங்கள் செய்யுங்கள். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கும் மறக்காமல் போய் வாருங்கள்.