ஒட்டுக் கட்டும் கை

பர்லியார் பண்ணைக்கு வாரக்கடைசியில் வருகிறவர்களில் பெரும்பாலோர் மரங்களைச் சுற்றிப் பார்த்து, கிராம்பு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுக் குன்னூருக்கு வண்டியேறுகிறார்கள். மேட்டுப்பாளையம் மலைச்சாலையில் உள்ள இந்தத் தோட்டத்தைப் போட்டவர் கோவை கலெக்டராக இருந்த இ. பி. தாமஸ். 1871-ல் இது அரசின் கைக்கு வந்தது. நீலகிரியே 1868 வரை கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததுதான் என்பதால் கொங்குநாடு இதைச் சொந்தம் கொண்டாடுவதில் தப்பில்லை. ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான், துரியன் எல்லாம் இங்கே உண்டு. ஆனால் நாற்றங்காலில் உட்கார்ந்து ஒட்டுக் கட்டுகிறவர்களின் வேலைதான் இப்படிப்பட்ட தோட்டத்தின் முதல் என்பது என் கட்சி.

ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டால் ஏறக்குறையப் பாதி ஆணாகப் போய்விடும். எது எது என்பது பூத்தால்தான் தெரியும், பூக்க ஆறேழு வருஷமாகும். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் இருந்தால் போதும். ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராக ஜாதிக்காய் வைக்கிற விவசாயி, அத்தனை வருஷம் தண்ணீர் விட்ட பிறகு பாதி மரத்தை வெட்ட வேண்டியிருந்தால் என்ன ஆவார்? அந்தச் சூதாட்டத்தை ஒழித்தது ஒட்டுச்செடி. விதை காய்ந்தால் முளைக்காது; ஈரம் போகாமல் வைத்திருந்து மணலில் ஊன்றுகிறார்கள். முளைவிட்ட இளந்தண்டின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, காய்க்கிற தாய்மரத்துக் குச்சியை ஆப்பாகச் செதுக்கிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுகிறார்கள். வெட்டுவாய் உலர்வதற்குள் வேலை முடிய வேண்டும். இந்தக் கத்தி வேலையைச் சில நாளில் பழகிவிடலாம். கஷ்டம் குச்சியைத் தேர்வதில் இருக்கிறது. நிமிர்ந்து வளரும் கொழுந்தை எடுத்தால் செடி மரமாக எழும்பும், பக்கக் கிளையை எடுத்தால் புதராகப் படரும். நிமிர்ந்த கொழுந்தோ ஒரு மரத்தில் கொஞ்சம்தான் கிடைக்கும். மிளகிலும் அப்படியே: ஓடுகொடியை வெட்டி வைத்தால் மரமேறும், காய்க்கும் பக்கக் கிளையை வைத்தால் தொட்டியிலேயே குத்தாக நிற்கும்.

இதைத் தனியார் நர்சரிகளே செய்கின்றனவே, அரசுத் தோட்டம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், நல்ல நர்சரிகள் இருக்கின்றன. ஆனால் துணிக்கடையில் சேலையைப் பிரித்துப் பார்த்து வாங்குவதுபோல ஜாதிக்காய்ச் செடியை வாங்க முடியாது. குச்சி எந்த மரத்திலிருந்து வந்தது என்பது இலையைப் பார்த்தால் தெரியாது. ஏமாந்தது தெரிய வருஷக்கணக்காகும். பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் நின்று காய்த்த தாய்மரங்களும், அவற்றில் எது எப்படிக் காய்க்கும் என்று அறிந்த ஆட்களும் இருக்கும் இடத்தில்தான் இந்தச் சந்தேகம் குறையும். வெள்ளைக்காரன் தன் வியாபாரத்துக்காகப் போட்ட தோட்டம்தானே என்ற இன்னொரு பேச்சும் உண்டு. போட்டது அவன்தான், மறுக்கவில்லை. ஆனால் வாசனைப் பயிர்களின் வரலாற்றில் கம்பெனிகளுக்கும் கலெக்டர்களுக்கும் கிடைத்த இடம் கைவேலைக்குக் கிடைத்ததில்லை. வனிலாப் பூ ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும். அதற்குள் ஒரு சிறு குச்சியால் மகரந்தம் சேர்க்கும் எளிய வழியை 1841-ல் ரீயூனியன் தீவில் கண்டவன் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். அவன் பெயராவது தப்பியது. இப்படிக் கைவேலை செய்த மற்றவர்கள் யாரென்றே தெரியாது.

ஒட்டுக் கட்டுகிறவர்களுக்குக் கூலியை எப்படிக் கொடுப்பது? கட்டிய செடிக்கு இவ்வளவு என்று பேசினால் கை வேகமாகும், குச்சியைத் தேடிப் பொறுக்க நேரமிருக்காது. பிடித்த செடிக்கு மட்டும் கூலி என்றால் நிழல்வலை கிழிந்ததற்கும் தண்ணீர் தவறியதற்கும் தொழிலாளி தண்டம் கட்ட வேண்டிவரும். ஆகவே இந்த இருவகைக் கூலியையும்விடத் தேர்ச்சிக்கேற்ற மாதச் சம்பளமே இந்த வேலைக்குப் பொருந்தும். கூடவே ஒவ்வொரு செடிப்பையிலும் தாய்மரத்தின் எண், ஒட்டுக் கட்டிய மாதம், கட்டியவர் பெயர் மூன்றையும் எழுதித் தொங்கவிடலாம். ஏழு வருஷம் கழித்துத் தோப்பில் காய் வெடிக்கும்போது, அடுத்த நூறு செடியை யாரிடம் கேட்பது என்று அந்த விவசாயிக்குத் தெரிந்திருக்கும்.