இரண்டடி அகலம்

காப்பி வேளையில் பன்றிப் பேச்சா என்று என் மனைவி முகத்தைச் சுளித்தாள். நான் என்ன செய்வேன்? மயிலாப்பூருக்கு வந்திருந்த நண்பர் வேப்பேரியில் படித்த கால்நடை டாக்டர்; காட்டுப்பாக்கம் பன்றிப் பண்ணையில் பழகியவர். தியாகராய நகர்க்காரர் ஒருவர் செங்கற்பட்டுப் பக்கம் பண்ணை போடப் போகிறாராம். கூண்டு வாங்கலாமா என்று இவரிடம் யோசனை கேட்டிருக்கிறார்.

"என்ன கூண்டு?" என்றேன்.

"சினைப் பன்றிக்கு. இரண்டடி அகலம், ஏழடி நீளம். எழுந்திருக்கலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. கம்பியைக் கடித்துக்கொண்டே நிற்கும். இங்கிலாந்தில் 1999-லேயே தடுத்துவிட்டார்கள்."

"கூட்டமாக விட்டால் சண்டை போடாதோ?"

"போடும், முதல் சில நாள். வலுத்தது இளைத்ததன் தீனியைப் பிடுங்கும். தின்கிற இடத்தில் மட்டும் தனித்தனித் தடுப்பு வைத்தால் தீர்ந்தது. நடமாடுகிற பன்றிக்குக் காலும் எலும்பும் உறுதிப்படும்."

பண்ணைக்காரர் லாபம் பார்ப்பாரே என்றேன். நண்பர் சிரித்தார். அமெரிக்காவில் அயோவா மாநில சர்வகலாசாலையார் 2007-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். வைக்கோல் பரப்பிய எளிய கொட்டகையில் கூட்டமாக வளர்த்தபோது, பால் மறந்த குட்டி ஒன்றுக்கு ஆன செலவு கூண்டு முறையைவிட 11 சதவிகிதம் குறைவாம். கட்டடச் செலவு குறைகிறதே!

மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பெண் வயிற்றிலிருந்தபோது அவளை இடப் பக்கமாகவே படுத்திருக்கும்படி டாக்டரம்மாள் உத்தரவு போட்டிருந்தாள்.

"எத்தனை நாள் சுமக்கும்னேள்?" என்று கேட்டாள்.

"114 நாள், அம்மா."

"எனக்குத் தொண்ணூறு" என்று சொல்லிவிட்டு, அவருக்கு இன்னொரு காப்பி கலக்க உள்ளே போனாள்.