களிம்பு விட்டுச்சென்ற வரிகள்

தில்லியில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த அவளுக்கு ஒரு மழைக்காலத்தில் தொடை இடுக்கில் படர்தாமரை வந்தது. விடுதியில் பலருக்கும் அது இருந்தது. மருத்துவரிடம் காட்டக் கூச்சம். மருந்துக்கடையில் கேட்டபோது ஒரு களிம்பு கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. நிறுத்தியதும் திரும்பியது, மீண்டும் பூசினாள். ஐந்து மாதங்கள் இப்படியே கழிந்தன. ஒருநாள் குளிக்கும்போது, பூசிய இடமெங்கும் செந்நிறக் கோடுகள் இருப்பதைக் கண்டாள்.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் வயிற்றில் விழும் வரிகளை அம்மாவிடம் பார்த்திருக்கிறாள். மணமாகாத தன் உடலில் அவை எப்படி வந்தன என்று விளங்கவில்லை. நாளை யாரேனும் கண்டால் என்ன எண்ணுவார்களோ என்ற அச்சமே முதலில் எழுந்தது.

தனியார் அழகுச் சிகிச்சை நிலையம் ஒன்று, ஆறு முறை லேசர் வைத்தால் கோடுகள் முற்றிலும் அழிந்துவிடும் என்றது. கேட்ட கட்டணம் மூன்று மாத உதவித்தொகை. அந்தத் தொகையோ நான்கு மாதமாக வந்துசேரவில்லை. ஆகவே அரசு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்றாள்.

அங்கிருந்த பெண் மருத்துவர் முதலில் களிம்புக் குழாயைக் கேட்டு வாங்கிப் படித்தார். அதில் குளோபெட்டசால் என்னும் வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளரவிடும். இடுக்குகளில் தோல் மெல்லியது. மருந்தை மிகுதியாக உறிஞ்சும். கொலாஜன் உற்பத்தி குன்றி, உள்தோல் கிழிந்து, வரிகளாகத் தெரிகிறது. இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவச் சீட்டின்றி விற்கலாகாது என 2018இல் மத்திய அரசு விதித்தது. அந்த விதி அவளது தெருவரை வரவில்லை.

லேசரைப் பற்றியும் மருத்துவர் மறைக்காமல் சொன்னார். புதிய சிவந்த வரிகளில் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். 585 அல்லது 595 நானோமீட்டர் அலைநீளமுள்ள சாய லேசர் குருதியின் ஹீமோகுளோபினைக் குறிவைத்துச் சிவப்பைக் குறைக்கும். வெளிறிப்போன பழைய வரிகளுக்கு அதனால் பெரும் பயனில்லை. அவற்றுக்கு 10,600 நானோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கொண்டு நுண்ணிய புண்களை இடைவெளி விட்டு உண்டாக்குவார்கள். ஆறும்போது புதிய கொலாஜன் உருவாகும். வரி குறுகலாம், மேற்பரப்பு சற்றுச் சீராகலாம். அழியாது.

இன்னொன்றும் உண்டு. லேசரின் அளவைத் தீர்மானிக்க மருத்துவர்கள் பார்க்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் தோல் வகைப்பாடு 1975இல் வெள்ளைத் தோலை வைத்துத் தொடங்கியது. பழுப்பும் கறுப்பும் பின்னரே சேர்க்கப்பட்டன. மாநிறத் தோலில் மெலனின் மிகுதி. அது சாய லேசரின் ஒளியைத் தானும் உறிஞ்சிக்கொள்ளும். எந்த லேசராயினும் வெப்பத்தால் ஏற்படும் அழற்சி கருமையை விட்டுச்செல்லக்கூடும். குறைந்த ஆற்றலில், சிறு இடத்தில் சோதித்த பின்னரே தொடர வேண்டும். அதற்கும் முன்னர் பூஞ்சை தீர வேண்டும்.

அதைத் தீர்க்கவே பல வாரங்கள் மாத்திரை உண்டாள். பிறகு விரல்நுனி அளவு இடத்தில் சோதனை நடந்தது. சிவப்பு சற்றுக் குறைந்தது. கூடவே ஒரு கரும்புள்ளி தோன்றி ஐந்து மாதங்கள் நின்றது. அவள் மேலே தொடரவில்லை. மற்ற வரிகள் மெல்ல வெளிறின. இப்போதும் இருக்கின்றன.

அடுத்த மழைக்காலத்தில் விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினாள்: களிம்பு வாங்குமுன் அதில் ஸ்டீராய்டு உள்ளதா என்று பாருங்கள், ஐயமிருந்தால் என் அறைக்கு வாருங்கள். கீழே அறை எண். அன்றிரவு பத்து மணிக்குமேல் கதவு தட்டப்பட்டது. இளங்கலை மாணவிகள் இருவர், ஆளுக்கொரு குழாயைத் துப்பட்டாவுக்குள் மறைத்தபடி நின்றிருந்தனர்.