ஒரே ஊர்க்காரர்கள்

இரும்புலியூரில் நாங்கள் நடத்தும் இரவுப் பாடசாலையில் பாடம் முடிந்ததும் பையன்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். மொட்டை மாடியில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள். 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்த பிறகு பேச்செல்லாம் குத்துச்சண்டைதான். ஒருநாள் வாய்ச்சண்டை முற்றிப்போய் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள்.

“அக்கா, ஒருத்தன் மாத்தி ஒருத்தன்னு ரொம்பக் கஷ்டமான ஆளுங்களோடவே வரிசையா மோதினது யாருக்கா?”

நான் எம்.ஏ. தமிழ். பதினெண்கீழ்க்கணக்கு தெரியும். இந்தக் கணக்கு எனக்கெங்கே தெரியும்? ஆனால் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தார். நைனாவைப் போய்க் கேட்டேன். யோசிக்கவே இல்லை. “அலிதான். வேற யாரு?”

நைனா பல்லாவரத்தில் தோல் ஷாப்பில் வேலை செய்தவர். குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டை என்று ஊருக்கே பெயர் வந்த பகுதி இது. தோல் பதனிட்டவர்களின் பெயரில் ஒரு தெரு உண்டா என்று யாரும் கேட்டதில்லை. சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று அவர் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். வேலை விட்டு மின்சார ரயிலில் ஏறினால் பக்கத்து சீட்டு தானாகக் காலியாகும். “நல்லா காலை நீட்டிக்கினு வருவேன்” என்பார், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அந்த ரயிலில்தான் 1980 ஜனவரியில் முகமது அலியைப் பார்க்கப் போனார். அலி சென்னைக்கு வந்திருந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸ் என்பவரோடு கண்காட்சிப் போட்டி. முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். நைனாவுக்கு அப்போது இருபது வயசு. பார்க் ஸ்டேஷனில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக ஓடி, எங்கோ மேலே இடம் பிடித்து நின்றிருக்கிறார். இந்தக் கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். கடைசியில் எப்போதும் ஒரு குறை சொல்லித்தான் முடிப்பார்: “ரெண்டு பேரும் சிரிச்சிக்கினே குத்திக்கினாங்க. எனக்கு ஏமாத்தமா பூட்ச்சி.”

நைனா சொன்ன பதிலைச் சரிபார்க்கத்தான் படிக்க ஆரம்பித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக அலியின் பட்டத்தைப் பிடுங்கினார்கள். மூன்றரை ஆண்டு மேடை ஏறவே விடவில்லை. 1970 அக்டோபரில் திரும்பி வந்து ஜெர்ரி குவாரியோடு மோதினார். ஆறே வாரத்தில் ஆஸ்கர் பொனவெனா. அடுத்த மார்ச்சில், அதுவரை யாரிடமும் தோற்காத ஜோ பிரேசியர். பதினைந்து சுற்றும் நின்று அலி தோற்றார். 1973இல் கென் நார்ட்டன் அவர் தாடையை உடைத்தார். தாடை கூடியதும் அதே ஆண்டில் அதே நார்ட்டன், 1974 ஜனவரியில் மறுபடி பிரேசியர், அக்டோபரில் கின்ஷாசாவில் ஜார்ஜ் போர்மன். நடுநடுவே லேசான ஆட்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இப்படி ஒரு வரிசையைத் தாண்டி வந்தவர்கள் குறைவு.

படித்துக்கொண்டே போனபோது எனக்கு நைனாவின் பதில் போதாமல் ஆகிவிட்டது. அலியின் வரிசைக்கு முடிவில் ஒரு பட்டம் இருந்தது. முடிவில் ஒன்றுமே இல்லாத வரிசைகள் உண்டு.

சாம் லாங்ஃபோர்டு கனடாவில் பிறந்த கறுப்பர். குள்ளமான ஆள். தன்னைவிட உயரமானவர்களையும் வீழ்த்தினார். வெள்ளை ஹெவிவெயிட் சாம்பியன்கள் அவரோடு மேடை ஏறவில்லை. ‘நிறக்கோடு’ என்று அதற்கு வெளிப்படையாகவே பெயர் வைத்திருந்தார்கள். அப்படியானால் சோற்றுக்கு யாரோடு சண்டை போடுவது? அதே கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற ஹாரி வில்ஸோடு பதினைந்து தடவைக்கு மேல் மோதினார். ஜோ ஜெனட்டோடும் சாம் மக்வேயோடும் பத்துப் பத்துத் தடவைக்கு மேல். ஜெனட்டும் மக்வேயும் 1909இல் பாரிசில் 49 சுற்று அடித்துக்கொண்டார்கள். 27 தடவை கீழே விழுந்த ஜெனட்தான் கடைசியில் ஜெயித்தார். சுற்றி உட்கார்ந்து பார்த்தவர்கள் யார் என்று நாம் ஊகிக்கலாம்.

இதில் கசப்பான இடம் ஒன்று உண்டு. 1908இல் முதல் கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்சன் மேலே போன பிறகு லாங்ஃபோர்டுக்கு வாய்ப்புத் தரவில்லை. ஆறு ஆண்டுக்கு மேல் பட்டம் வைத்திருந்தவர் ஒரே ஒரு கறுப்பரோடுதான் பட்டத்துக்காக மோதினார். நம்மிலும் ஏணியை மேலே இழுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதாமல் விட மனசில்லை. 1915இல் ஜான்சன் தோற்றார். அதிலிருந்து 1937இல் ஜோ லூயிஸ் வரை, 22 ஆண்டுகள், ஒரு கறுப்பரையும் அந்தப் பட்டத்துக்கான மேடையில் ஏற்றவில்லை. 1944இல் ஒரு பத்திரிகையாளர் லாங்ஃபோர்டைத் தேடிப் போனபோது, ஹார்லெமில் ஒரு இருட்டறையில் கண்பார்வை போய் உட்கார்ந்திருந்தார்.

1940களிலும் இதே கதைதான். சார்லி பர்லி, ஹோல்மன் வில்லியம்ஸ், லாய்டு மார்ஷல், கோகோ கிட் என்று ஒரு கூட்டமே இருந்தது. மோதினால் தோற்றுவிடுவோம் என்று சாம்பியன்கள் ஒதுங்கிப் போனார்கள். இவர்கள் தங்களுக்குள்ளேயே மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். பர்லியும் வில்லியம்ஸும் மட்டும் ஏழு தடவை. பர்லிக்குக் கடைசிவரை பட்டப்போட்டி கிடைக்கவில்லை. பிட்ஸ்பர்க் நகரத்தில் குப்பை அள்ளும் வேலைக்குப் போனார். இந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் சித்தப்பா நகராட்சிக் குப்பை வண்டியில் இருந்தவர். 1972இல் பம்பாயில் ‘தலித் பேந்தர்’ என்று பெயர் வைத்த தோழர்களுக்கு அமெரிக்கக் கறுப்பர்கள் தூரத்து ஆட்களாகப் படவில்லை. ஏன் என்று எனக்கு அந்த வரியில்தான் உறைத்தது.

நம் ஊரிலும் வரிசை உண்டு. நாட் டெர்ரி என்ற ஆங்கிலோ இந்தியர் சார்பட்டா ஆட்களை ஒவ்வொருவராகச் சாய்த்துக்கொண்டே வந்தாராம். கித்தேரி முத்துதான் அவரைச் சாய்த்தாராம். அதற்காகப் பெரியார் ‘திராவிட வீரன்’ என்று பட்டம் கொடுத்தார் என்பார்கள். வடசென்னையில் இன்றைக்கும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் முத்துவுக்கு முன்னால் டெர்ரியிடம் குத்து வாங்கினவர்கள் யார்? மறுநாள் உதடு கிழிந்து ஹார்பருக்கு மூட்டை தூக்கப் போனார்களா, மீன் பிடிக்கப் போனார்களா? ஆயிரம் யானைகளைப் போரில் வென்றவனுக்குப் பரணி பாட வேண்டும் என்று பாட்டியல் இலக்கணம் சொல்லிக்கொடுத்தார்கள். யானைகளின் பக்கமிருந்து கேள்வி கேட்க வகுப்பில் இடமில்லை.

இனி என் கதை. எனக்கு ஒரு தோழி. முடிச்சூர்க்காரி. ஆதிதிராவிடர் நல விடுதியில் ஒரே அறை, ஒரே பாய். இரண்டு பேரும் எம்.ஏ. தமிழ், இரண்டு பேரும் நெட் தேறினோம். ஒரு கல்லூரியில் சுழற்சி முறையில் ஒரே ஒரு பணியிடம் எங்களுக்கென்று வந்தது. எழுபது மார்க்கு எடுத்தவனும் தொண்ணூறு எடுத்தவனும் வேறு பணியிடங்களுக்கு வேறு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

உள்ளே ஐந்து பேர். என்னிடம் தொல்காப்பியத்தில் ஒரு கேள்வி இல்லை. “போராட்டத்துக்கெல்லாம் போவீங்களாமே?” என்று கேட்டார்கள். அவளை ‘வாழைப்பழம்’ சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். யாப்பருங்கலக் காரிகையை மனப்பாடமாகச் சொல்பவள். மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்களாம்.

வெளியே வந்ததும் அங்கிருந்த ஒருவர் என் காதில் சொன்னார்: “உன் ஃப்ரெண்டுதாம்மா நீ சங்கத்து ஆளுன்னு உள்ள சொல்லிடுச்சி.” நான் நம்பினேன். அது எப்படி நம்பினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவளிடமும் என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அவளும் நம்பியிருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது: ‘தகுதியான நபர் கிடைக்கவில்லை.’ பணியிடம் காலியாகவே கிடந்தது. எங்களுக்குள் பேச்சு நின்றது. மூன்று வருஷம். தாம்பரம் ஸ்டேஷனில் அவள் ஒரு தூணுக்கு அந்தப் பக்கம் நிற்பாள், நான் இந்தப் பக்கம்.

அலியைப் பற்றிப் படித்தபோதுதான் ஜிம்மி எல்லிஸ் யார் என்று தெரிந்தது. இருவரும் லூயிவில் என்ற ஒரே ஊரில் பையன்களாக இருந்தபோதே குத்துச்சண்டை பழகியவர்கள். எல்லிஸ் பல ஆண்டு அலிக்குப் பயிற்சிக் கூட்டாளியாக இருந்தார். அலியிடம் பிடுங்கிய பட்டங்களில் ஒன்றைப் போட்டி வைத்து 1968இல் எல்லிஸுக்குக் கொடுத்தார்கள். 1971 ஜூலையில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். பன்னிரண்டாவது சுற்றில் அலி ஜெயித்தார். ஒன்பது வருஷம் கழித்துச் சென்னைக்குச் சேர்ந்து வந்தார்கள்.

நைனாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒரே ஊர்க்காரனுங்களா?” என்றார். பிறகு, “அத்தான் சிரிச்சானுங்க” என்றார். நாற்பது வருஷக் குறையை அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை.

அன்று ராத்திரி தோழிக்குப் போன் போட்டேன். எடுத்தவள் பேசவில்லை. நானும் என்ன பேசுவது என்று தெரியாமல், “எல்லிஸ்னு ஒருத்தர் தெரியுமா?” என்று கேட்டுவிட்டேன். “பைத்தியமா நீ?” என்றாள்.

இப்போது அவள் கௌரவ விரிவுரையாளர். தொகுப்பூதியம், அதுவும் மாதா மாதம் வராது. ஞாயிற்றுக்கிழமை இரவுப் பாடசாலைக்கு வருகிறாள். போன வாரம் பையன்கள் பழைய கேள்வியை அவளிடம் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த நைனா எழுந்து வந்து இரண்டு உள்ளங்கைகளையும் அவள் முன்னால் விரித்துப் பிடித்தார்.

“குத்து பாப்பா.”

குத்தினாள்.

“வலது தேவல. இடது பத்தாது” என்றார்.