துபாஷி வீட்டார்

தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து மகனுக்குத் தலையெழுத்தாகிறது; பேரனிடத்தில் அதுவும் உதிர்ந்துவிடுகிறது. நான்கு தலைமுறைக்கு அப்பால் போக விரும்புகிறவனுக்கு நிலப் பத்திரமோ, கல்வெட்டோ, குலதெய்வக் கோயில் பூசாரியின் நினைவோதான் துணை. கிறித்தவக் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு வழி உண்டு: ஞானஸ்நானப் பதிவேடு. தரங்கம்பாடியே பூர்வீகம் என்று சொல்லிவந்த எங்கள் குடும்பத்தின் கதையைத் தேடி அக்காளும் தம்பியுமாக நாங்கள் இருவர் கிளம்பியது அந்த வழியை நம்பித்தான்.

எங்களிடம் இருந்த கதை சிறியது. எங்கள் தாத்தாவுடைய பாட்டனாரின் தகப்பனார், டான்ஸ்போர்க் கோட்டையில் டேனிய துரைமாருக்குத் துபாஷியாக இருந்தார் என்பதே அது. இதைக் காத்துவந்தவர் எங்கள் பெரியத்தை. எண்பது வயதைத் தாண்டிய பிறகும், "நாம் துபாஷி வீட்டார்" என்று தொடங்காமல் அவரால் ஒரு கல்யாணப் பேச்சை நடத்த முடியாது. சான்றாக அவரிடம் இருந்தது நசுங்கிய வெள்ளிக் கரண்டி ஒன்று.

ஊரின் வரலாறு எளிதாகக் கிடைத்துவிடுகிறது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு இந்தக் கடற்கரையில் இடம் கொடுத்தார். தங்க ஓலையில் எழுதப்பட்ட அவருடைய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கினார். சில ஆண்டுகளில் அச்சுக்கூடம் வந்தது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. 1845-இல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. இன்று அது மயிலாடுதுறை மாவட்டத்துச் சிற்றூர். 2004-ஆம் ஆண்டுச் சுனாமி மிகுந்த உயிர்ச்சேதம் விளைவித்த ஊர்களில் அதுவும் ஒன்று.

ஊரின் வரலாறு வேறு, அவ்வூரில் வாழ்ந்த ஒருவனின் வரலாறு வேறு. தரங்கம்பாடியின் காகிதங்கள் கோபன்ஹேகனிலும், ஜெர்மனியின் ஹாலே நகரிலும், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. பழைய டேனிய, ஜெர்மானியக் கையெழுத்தைப் படிப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். தமிழ்ப் பெயர்களை எழுதியவர்கள் தம் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே ஆள் மூன்று தாள்களில் மூன்று பெயரோடு தோன்றுவான். போதாக்குறைக்கு ஞானஸ்நானத்தில் பழைய பெயரே மறைந்து புதுப் பெயர் வந்துவிடுகிறது. அச்சில் வந்த நூல்களிலும் எங்கள் கைக்கு எட்டிய பிரதிகளிலும் கண்ட துபாஷிகளில் எங்கள் முன்னோரின் சாயலுள்ளவர் எவரும் இல்லை.

இந்தத் தேடலில் எங்களை முதலில் நிறுத்தியது வேறொரு செய்தி. 1707-ஆம் ஆண்டு மே மாதம் சீகன்பால்குவின் மிஷன் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐவரும் டேனியர் வீட்டு அடிமைகள். அந்த ஐவரின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு குடும்பத்தையும் நாங்கள் கேள்விப்பட்டதில்லை. எல்லோரும் துபாஷிக்கும் உபதேசியாருக்கும் கணக்கப்பிள்ளைக்குமே பிறந்திருக்கிறார்கள்.

1718-இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவிலானது. சிலுவையின் கைகளில் சாதிவாரியாக, வெள்ளாளர் முதலியோர் ஒரு பக்கமும் பறையர் மறுபக்கமுமாக உட்கார்ந்தார்கள். 1733-இல் முதல் தமிழ்க் குருவாகப் பட்டம் பெற்ற ஆரோன் வெள்ளாளர். அவரைப் போலவே உழைத்த உபதேசியார் இராஜநாயக்கன் பறையர். அவருக்குக் கடைசிவரை குருப்பட்டம் கிடைக்கவில்லை. கடவுளின் வீட்டிலும் எந்தப் பக்கம் உட்காருவது என்பதை ஊர்தான் தீர்மானித்தது.

கடைசியில் ஒரு சபை அலுவலகத்தின் மர அலமாரியில், பூச்சி அரித்த பதிவேடொன்றில் எங்களுக்கு வேண்டியது கிடைத்தது. ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறிச் சில ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. தெளிவான தமிழ்க் கையெழுத்து. குழந்தையின் பெயரும் பிறந்த நாளும் எங்கள் வீட்டு வேதாகமத்தின் முதல் தாளில் உள்ளவற்றோடு அப்படியே பொருந்தின. தாத்தாவின் பாட்டனார்தான் அந்தக் குழந்தை. தகப்பனின் தொழில் என்ற இடத்தில் "குசினிக்காரன்" என்றிருந்தது. அடுத்த பத்தியில் சாதி. அது பெரியத்தை சொல்லிவந்த சாதி அல்ல. ஆலயத்தில் மறுபக்கம் உட்கார்ந்தவர்களின் சாதி.

துபாஷி குசினிக்காரனானதில் எங்களுக்கு வருத்தமில்லை. கரண்டிக்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. இரண்டாவது பத்தியைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் படித்தோம். 1987-இல் எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு வந்த நல்ல சம்பந்தத்தைப் பெரியத்தை தடுத்து நிறுத்தினார். பையன் ஆசிரியர், இருவருக்கும் மனம் ஒத்திருந்தது. "கோயிலில் அந்தப் பக்கம் உட்கார்ந்த வம்சம்" என்ற ஒரே வாக்கியத்தில் பேச்சு முடிந்தது. அந்தப் பெண் எங்களில் மூத்தவள். அதன்பின் அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

சாதி எங்கே மாறியது என்பதை ஊகிப்பது கடினமல்ல. தாத்தா நாகப்பட்டினம் ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1920-களின் இறுதியில் பட்டறை பொன்மலைக்கு மாறியபோது அவரும் மாறினார். புது ஊர், மிஷன் பள்ளிப் படிப்பு, மாதச் சம்பளம், யாருக்கும் தெரியாத பூர்வீகம். வாடகைக்கு வீடு கேட்கும்போது, "நீங்கள் யார்?" என்று ஒருவர் கேட்டிருப்பார். அன்று சொன்ன பதில், கேட்டவரின் கதவைத் திறந்திருக்கும். அதற்காக அவரைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் தான் தப்பிவந்த வாசலில் அவர் பிள்ளைகள் காவலுக்கு நின்றார்கள் என்பதை என்னவென்று சொல்வது?

பெரியத்தையிடம் நாங்கள் மறைக்கவில்லை. பதிவேட்டின் நகலைப் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். "குசினியில் நின்றவனுக்கு இரண்டு பாஷையும் தெரியாமலா இருந்திருக்கும்?" என்றார். துபாஷி என்ற சொல்லுக்கு அதுதானே பொருள்; எங்களால் மறுக்க முடியவில்லை. அடுத்த பத்தியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. 1987-ஐப் பற்றி நாங்களும் கேட்கவில்லை.

குடும்ப மரபுப் பட்டியலை அக்காளே தன் கையால் எழுதினாள். முதல் பெயருக்கு எதிரே பதிவேட்டில் உள்ளபடியே தொழிலையும் சாதியையும் எழுதினாள். உறவினர் எல்லோருக்கும் நகல் அனுப்பினோம். இருவர் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது, இதை இத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார்கள். பட்டியலை நாங்கள் திரும்பப் பெறவில்லை. மூன்றாவதாக அழைத்தவன் சித்தப்பா பேரன். அவன் கேட்டது ஒன்றுதான்: அந்தக் குசினிக்காரர் டேனியருக்கு என்னென்ன சமைத்துப் போட்டிருப்பார்?